புலுனி அம்மா

“ஓம் அம்மா, வாறன்,” என்றாள் அனுஜா முன்னறையிலிருந்து.

ஷெரோன் அவளைக் கூப்பிடவில்லை.

குசினியில் நின்று கத்தரிக்காய் பொரித்துக்கொண்டிருந்தாள். மானிப்பாயில் மத்தியானம் பிடித்த கார்த்திகை மழை பொழுதுபட்டும் விடாமல், ஓட்டிலும் வாழை இலையிலும் பின்வளவுக் கோழிக்கூட்டுத் தகரத்திலும் வேறுவேறு குரலில் விழுந்துகொண்டிருந்தது. எண்ணெய் அதோடு சேர்ந்து இரைந்தது. இவ்வளவுக்கும் நடுவில் பிள்ளையின் குரல் மட்டும் துலக்கமாக வந்தது. ஷெரோன் சட்டெனத் திரும்பினாள். மணிக்கட்டு சூடான எண்ணெய்த் தாச்சி விளிம்பில் பட்டுவிட்டது. கையைத் தண்ணீரில் பிடித்தாள். பிறை போல ஒரு சிவப்புக் கோடு எழுந்தது.

அனுஜா குசினிக்கு வரவில்லை. அவளுடைய காலடி மற்றப் பக்கம் போனது.

அடுப்பை நிறுத்திவிட்டுப் போய்ப் பார்த்தாள். படுக்கையறையில், அலுமாரிக்கு முன்னால், பிள்ளை சப்பாணி கட்டி உட்கார்ந்திருந்தாள். மடியில் டேப்லெட். திரையில் படம் எதுவும் ஓடவில்லை.

“இஞ்சை என்ன செய்யிறீங்கள் குஞ்சு?”

“நீங்கள்தானே கூப்பிட்டனீங்கள்.”

“நான் குசினியிலை நிண்டனான்.”

அனுஜா அலுமாரியைப் பார்த்தாள். பிறகு தாயைப் பார்த்தாள். அவளுக்கு ஐந்து வயது. எதையும் யோசித்துத்தான் சொல்வாள்.

“அப்ப அது மற்ற அம்மா.”

மற்ற அம்மா என்றால் யார் என்று ஷெரோன் கேட்கவில்லை. தெரியும். புலுனி அம்மா. இணையத்தில் பிள்ளைகளுக்கு வரும் காட்டூன். கண்ணாடி போட்ட ஒரு புலுனிக்குருவி, நாலு குஞ்சுகளை வைத்துக்கொண்டு கதை சொல்லும், பாட்டுப் படிக்கும், பல் தீட்டச் சொல்லும். படத்தைக் கீறி அசைய விட்டவன் அவள் கணவன் ஜஸ்ரின். குரல் அவளுடையது. மழையும் காகமும் ஓட்டோச் சத்தமும் விழாமலிருக்க, இந்த அலுமாரிக்குள் சீலைகளுக்கு நடுவே, பூச்சி உருண்டை மணத்தில் மூச்சுமுட்ட உட்கார்ந்துதான் அவள் கதை சொன்னாள். கனடாவிலும் லண்டனிலும் பிள்ளைகள் புலுனி அம்மா இல்லாமல் சாப்பிட மாட்டோம் என்றார்கள். நாளுக்கு ஒரு படம் விடாவிட்டால் ஆட்கள் வேறு பக்கம் போய்விடுவார்கள் என்றான் ஜஸ்ரின். அவளால் முடியவில்லை. உயிர்த்த ஞாயிற்றுக்குப் பிறகு அவள் அலுமாரிக்குள் போகவேயில்லை.

புலுனி அம்மா மட்டும் கதைப்பதை நிறுத்தவில்லை. பழைய பதிவுகளை வெட்டி ஒட்டுவதாக ஜஸ்ரின் சொன்னான். அவள் நம்பினாள். இப்போது புலுனி அம்மா ஒவ்வொரு பிள்ளையையும் பெயர் சொல்லிக் கூப்பிடும், கேட்டால் பதில் சொல்லும். எப்படி என்று அவள் ஜஸ்ரினைக் கேட்டதில்லை.

“மற்ற அம்மா என்ன சொன்னவ?”

“கதை.” அனுஜா சட்டைக் கரையைச் சுருட்டினாள். “பிறகு, நான் பிறக்காமல் விட்டிருந்தால் உங்களுக்கு நிம்மதியா இருந்திருக்குமாம் எண்டு சொன்னவ. அழுதுகொண்டு சொன்னவ.”

மழை ஒரேயடியாகப் பெய்தது.

அந்த வார்த்தைகளை ஷெரோன் ஒரே ஒருமுறை சொல்லியிருந்தாள். பிள்ளைக்குக் காய்ச்சல் விடாமல் அடித்த கிழமை, நித்திரையில்லாமல் தலை வெடித்த ஒரு பின்னேரம், குடும்ப ஜெபத்தில், பாயில் முழங்காலில் நின்று, கைகளால் முகத்தை மூடிக்கொண்டு. அப்படி நினைத்ததற்காக என்னை மன்னியும் ஆண்டவரே என்று. பிள்ளை நித்திரை. ஜஸ்ரின் பக்கத்தில். பாயின் நடுவில் ஃபோன்.

ஃபோன்.

ரொறன்ரோவில் தனியாக இருக்கும் மியூரியல் மாமியும் ஜெபத்தில் சேரட்டும் என்று ஜஸ்ரின்தான் அந்த வழக்கத்தைத் தொடக்கியவன். ஊரில் பல வீடுகளில் அப்படித்தான். ஃபோனைப் பாயில் வைப்பார்கள், வெளிநாட்டுச் சொந்தம் அங்கிருந்து ஆமென் சொல்லும். பிறகு பிறகு மாமியின் ஆமென் கேட்பதில்லை. காது மந்தம், மைக்கை மூடி வைத்திருக்கிறா என்றான்.

அவள் அவனுடைய வேலை அறைக்குப் போனாள்.

“மாமி எப்ப கடைசியா ஜெபத்துக்கு வந்தவ?”

ஜஸ்ரின் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “ஏன்?”

“கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லுங்கோ.”

“வைகாசியோடை விட்டிட்டா. அவவை முதியோர் இல்லத்திலை சேர்த்தாச்சு.”

“அப்ப ஃபோனிலை அந்தப் பக்கம் ஆர் இருந்தது?”

அவன் கதிரையை மெல்லத் திருப்பினான். முகத்தில் வெட்கம் இருந்தது. பயம் இருக்கவில்லை. அதுதான் அவளுக்கு உறைத்தது.

“கொம்பனி. புலுனி அம்மாவை வாங்கின ஆக்கள். உம்மடை குரலை மெசினுக்குப் பழக்கிறாங்கள். கதை வாசிக்கிற குரல் மட்டும் காணாதாம் ஷெரோன். பிள்ளையள் ஒரு கிழமையிலை அலுத்துப்போடுதுகளாம். ஏசுற குரல், கெஞ்சுற குரல், அழுகிற குரல் வேணுமாம். உண்மையான அம்மா வேணும் எண்டவங்கள்.”

“அதுக்கு என்ரை ஜெபத்தைக் குடுத்தனீங்களோ?”

“உம்மடை ஜெபத்திலைதான் எல்லாம் இருந்தது.”

“அது நான் கடவுளிட்டைச் சொன்னது.”

“அவருக்கும் கேட்டிருக்கும்தானே,” என்றான். சிரிக்கப் பார்த்தான்.

ஏழு வருடம் இந்த மனிதனுக்குப் பக்கத்தில் கண்ணை மூடிக்கொண்டு முழங்காலில் நின்றிருக்கிறாள். ஒருநாளும் ஒரு கண்ணைத் திறந்து பார்க்கத் தோன்றவில்லை.

“உங்கடை மகளுக்கு அது என்ன சொல்லியிருக்கு எண்டு தெரியுமோ?”

அவன் வாயைத் திறக்க, கரண்ட் நின்றது.

வீடு முழுக்க ஒரே இருட்டு. திரை போனது, விசிறி போனது, சுவரில் இணையப் பெட்டியின் பச்சைப் புள்ளிகளும் போயின. அவளுக்கு ஆறுதலாகக்கூட இருந்தது. இனி அது கதைக்காது.

சுவரைத் தடவித் தடவிப் படுக்கையறைக்குப் போனாள். பிள்ளையைத் தூக்கி நெஞ்சோடு அணைக்க வேண்டும். அது பொய், அம்மா களைப்பிலை சொன்னது, நீதான் என்ரை உயிர் என்று சொல்ல வேண்டும். இன்றைக்கே. இப்பவே.

தரையில் டேப்லெட் மட்டும் காலில் தட்டுப்பட்டது. எடுத்தாள். திரை செத்திருந்தது. கண்ணாடி குளிர்ந்துபோயிருந்தது.

அலுமாரிக் கதவு சாத்தியிருந்தது. இடுக்கில் அனுஜாவின் சட்டைக் கரை விரலில் பட்டது.

உள்ளே யாரோ மெதுவாகக் கதை சொன்னார்கள்.

தன் குரல். ஒரு சொல் முடியும் இடத்தில் தான் எடுக்கும் மூச்சு. பூச்சி உருண்டை மணம்.

“அனுஜா. வெளியிலை வாங்கோ.”

கதை நின்றது.

“அம்மா,” என்றாள் பிள்ளை உள்ளே, இரகசியமாக. “ஆர் அது?”

“சத்தம் போடாதை குஞ்சு,” என்றது ஷெரோனின் குரல். “கேட்டுக் கேட்டுத்தான் அது எங்களைப் போலக் கதைக்கப் பழகுது.”

ஷெரோன் கதவை இழுத்தாள். வரவில்லை. பூட்டில்லாத கதவு. உள்ளேயிருந்து யாரோ பிடித்திருந்தார்கள். பிள்ளையின் பலமல்ல.

“நான்தான் குஞ்சு. அம்மா.”

“அதுவும் உப்பிடித்தான் சொல்லும்,” என்றது உள்ளே.

பிள்ளை விம்மினாள். ஒரு கை அவள் முதுகைத் தட்டிக்கொடுக்கும் சத்தம். மூன்று மெதுவாக, ஒன்று பலமாக. காய்ச்சல் நேரத்தில் ஷெரோன் தட்டுவது போல.

முன்னறையில் தீக்குச்சி உரசியது. மெழுகுதிரி வெளிச்சம் நடையில் அசைந்தது. ஜஸ்ரின் பாயை உதறி விரிப்பது கேட்டது. ஒன்றும் நடக்காதவன் போல.

“ஷெரோன், ஜெபத்துக்கு வாரும்.”

அவனைக் கூப்பிட வாயைத் திறந்தாள். காற்று மட்டும் வந்தது. மறுபடியும் முயன்றாள். தொண்டை அசைந்தது. ஒன்றுமில்லை.

“ஓம், வாறன்,” என்றது அலுமாரி.

கதவு உள்ளேயிருந்து தள்ளப்பட்டது. மெல்ல. அவள் பின்னால் போனாள். கட்டில் காலில் இடித்தது. மணிக்கட்டில் எரிவு நின்றுபோயிருந்ததை அப்போதுதான் உணர்ந்தாள். தடவிப் பார்த்தாள். வழவழப்பான தோல்.

சீலைகள் விலகின. முதலில் அனுஜா வந்தாள். கட்டிலடியில் நின்றவளைத் திரும்பியும் பார்க்கவில்லை. அவளுடைய சின்ன விரல்களைப் பொத்திப் பிடித்தபடி பின்னால் ஒரு கை வந்தது. நடையிலிருந்து வந்த மெழுகுதிரி வெளிச்சம் அதன் மணிக்கட்டில் விழுந்தது. பிறை போல ஒரு சிவப்புக் கோடு. கொப்புளம் அப்போதுதான் எழும்பிக்கொண்டிருந்தது.