வாசலுக்கு வெளியே நின்றவன்

"கண்ணு எங்கங்க இருக்கு உங்களுக்கு?"

வெஸ்தியாவின் கூடையிலிருந்த மாதுளைகள் கார்த்தேஜ் துறைமுகத் தெருவில் மழைநீரோடு உருண்டுகொண்டிருந்தன. இடித்தவன் தோளில் கயிற்றுச் சுருளோடு திகைத்து நின்றான்.

"கண்ணு இங்கதாங்க இருக்கு... மழைதான் மறைச்சிடுச்சு."

ஓடி ஓடிப் பொறுக்கினான். "ஒன்பதுதானே?"

"பத்து!"

"பத்தாவது கடலுக்குப் போயாச்சு. விடுங்க, மீனுங்க பாவம்... அதுங்களுக்கு யாரு மாதுளை வாங்கித் தருவாங்க?"

சிரிக்கக் கூடாது என்றுதான் நினைத்தாள். முடியவில்லை. அந்தக் கண்கள்... நனைந்த ஒலிவ இலை போல... சிரிக்கும்போதும் எதற்கோ மன்னிப்புக் கேட்கும் கண்கள்.

பெயர் யாதேர். கப்பல்களுக்குக் கயிறு திரிப்பவன். மழை விடும்வரை தூண் மண்டபத்தில் நின்று பேசினார்கள். பிரியும்போது, "கர்த்தரோட சமாதானம்..." என்றான் மெல்ல.

நம் சபையா! ஞாயிறு எப்போது வரும் என்றிருந்தது அவளுக்கு.

வந்தது. அவனைக் கண்டாள். உள்ளே அல்ல... ஜெபவீட்டின் வாசலுக்கு வெளியே. சாக்கு உடுத்தி, எங்களுக்காக வேண்டிக்கொள்ளுங்கள் என்று மன்றாடுகிறவர்கள் நடுவில். ரோமப் பேரரசரின் கட்டளைக்கு அஞ்சி ரோமத் தேவர்களுக்குத் தூபம் போட்டு, அதனால் சபைக்கு வெளியே நிறுத்தப்பட்டவர்கள் அவர்கள்.

அந்தத் தூபத்தைப் போட மறுத்துத்தான் அவள் அப்பா சிறையில் செத்துப்போனார்.

இவனோடா சிரித்தேன்... வெஸ்தியா முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போனாள். அடுத்த ஞாயிறும் அப்படித்தான். அதற்கடுத்த ஞாயிறும். ஆனால் ஜெபத்தில் கண்ணை மூடினால் அவன் முகம்தான் வந்தது.

ஐந்தாம் ஞாயிறு, கூட்டம் கலைந்தபின் அவன் எதிரே போய் நின்றாள். கையில் ஒரு சீட்டு. 'என் பாடுகளை முன்னிட்டு இதைக் கொண்டுவருபவரைச் சபையில் சேர்த்துக்கொள்ளுங்கள்' என்று சாகுமுன் சிறையிலிருந்து அப்பா எழுதியனுப்பியது. விசுவாசத்துக்காகச் சிறைப்பட்டவர் சொன்னால் சபை கேட்கும். யாருக்குத் தருவது என்பதை மகளிடமே விட்டிருந்தார்.

"இந்தாங்க. எங்கப்பா சிறையிலேர்ந்து எழுதினது. ஆயர்கிட்ட காட்டுங்க. உங்களை உள்ள விடுவாங்க."

யாதேர் படித்தான். திருப்பிக் கொடுத்துவிட்டான்.

"வேணாங்க."

"ஏன்? அவ்வளவு ரோஷமா?"

"ரோஷமில்ல. நான் தூபம் போட்டதுக்குச் சொல்ல ஒரு காரணமும் இல்ல. வீட்டுல யாருக்கும் நோயில்ல, என்னை யாரும் அடிக்கல. பயந்துட்டேன்... அவ்வளவுதான். உங்கப்பா பட்ட வலியில நான் எப்படிங்க உள்ள நுழைவேன்? எத்தனை வருஷமானாலும் இங்கயே நின்னுக்கறேன்."

வெஸ்தியாவின் கண்கள் நிறைந்தன. யாரிடமும் சொல்லாததைச் சொன்னாள்.

"அப்பாவைப் பிடிச்சிட்டுப் போனப்ப... நான் எண்ணெய்ச் சாடிங்களுக்குப் பின்னால ஒளிஞ்சிருந்தேன். அவரு திரும்பித் திரும்பிப் பார்த்தாரு, நான் வரல. என்னையும் அதிகாரிங்க கூப்பிட்டிருந்தா... நானும் தூபம் போட்டிருப்பேன் யாதேர். என்னை யாரும் கூப்பிடல, அதான் உள்ள நிக்கறேன்."

யாதேர் அந்த வாசற்படியிலேயே உட்கார்ந்து, தன் பக்கத்தில் அவளுக்கும் இடம் விட்டான். அவளும் உட்கார்ந்தாள்.

"வெஸ்தியா..."

"ம்?"

"எனக்கு உன்னை ரொம்பப் பிடிச்சிருக்கு." குரல் தழுதழுத்தது. ஆனாலும் தலைநிமிர்ந்து அவள் கண்களையே பார்த்தான். "இதையாவது பயப்படாம சொல்லிடறேன்."