கோப்பில் தண்ணீர் இல்லை

செல்போன் அலறியது.

செம்பூர் ஸ்டேஷன் அருகே ஒரு ஹோட்டலில், இரண்டாவது இட்லியைச் சாம்பாரில் முக்கிக்கொண்டிருந்த பத்ரி எடுத்தான். மறுமுனையில் சைட் வாட்ச்மேன் கணேசபாண்டியன்.

"ஸார்... நம்ம சைட்டுக்குள்ள ஒரு பொணம் கெடக்கு!"

பத்ரிக்குத் தூக்கிவாரிப் போட்டது.

பிணம் என்றதற்காக அல்ல. அது சைட்டுக்குள் கிடந்ததற்காக!

நேற்று மாலை சர்வேயர் நகுலைப் பிடித்துத் தள்ளியது அவன்தான். ஆனால் தள்ளியது கரைக்கு அந்தப் பக்கம்... உப்பங்கழிக்குள். இந்நேரம் பயல் அரபிக்கடலில் பாதி தூரம் போயிருக்க வேண்டும். சைட்டுக்குள் அவனுக்கு என்ன வேலை?

"போலீசுக்குச் சொல்லிட்டியா?"

"வந்தாச்சு ஸார். தார்ப்பாய் போட்டு மூடியாச்சு."

"இன்னிக்குன்னா கமிட்டி இன்ஸ்பெக்‌ஷன்!"

"அவுகளும் வந்துட்டாவ ஸார்."

பத்ரி கை கழுவினான். இட்லி அப்படியே இருந்தது.

பத்ரி இஞ்சினியர் அல்ல. வக்கீலும் அல்ல. ஆபீஸ் ஆபீஸாக மாடி ஏறி இறங்கி, பில்டர்களுக்குக் கட்டட பர்மிஷன் வாங்கித் தருகிறவன். மடியில் கனம் இருந்தும் வழியில் பயமில்லாத ஆசாமி. சதுப்பு நிலத்தைத் தரிசு என்று எழுத வைப்பது அவன் ஸ்பெஷாலிட்டி. எந்த அதிகாரி எதைக் கேட்டாலும் அவனிடம் ஒரே பதில்தான்.

"பர்சனலி வெரிஃபைடு ஸார்!"

ஷூவில் சகதி படும் என்று நேற்று வரை எந்த சைட்டையும் எட்டிக்கூடப் பார்த்ததில்லை என்பது வேறு விஷயம்.

இந்த சைட் கொஞ்சம் பெரிய விஷயம். உப்பங்கழி ஓரம். இடிபாடுகளைக் கொட்டிக் கரை எழுப்பி, கடல் தண்ணீரை மறித்தாகிவிட்டது. உள்ளே அலையாத்தி மரங்கள் பட்டுப்போய்விட்டன. பர்மிஷன் வந்தால் நாலு டவர். அதில் ஒரு ஃப்ளாட் பத்ரிக்கு... கிழக்குப் பார்த்தது! திலக் நகர் வாடகை வீட்டில் உட்கார்ந்து, மனைவி வந்தனா திரைச்சீலைக்குக் கலர்கூடத் தேர்ந்தெடுத்துவிட்டாள்.

குறுக்கே வந்தவன் சர்வேயர் நகுல்.

"பெரிய ஹை டைட்ல கடல் ஏறி தண்ணி உள்ள வருது. நான் கையெழுத்துப் போட மாட்டேன்" என்றான். நிரூபிக்கிறேன் பேர்வழி என்று தினமும் சாயங்காலம் கரை மேல் நின்று போட்டோ வேறு எடுத்தான்.

நேற்று பத்ரி பின்னாலேயே போனான். தள்ளினான். தண்ணீர் கரையின் விளிம்பைத் தொட்டுக்கொண்டிருந்தது. தாண்டாது என்று நிம்மதியாக வீட்டுக்குப் போனான்.

தாண்டாது என்று எழுதிக் கொடுத்தவனே அவன்தானே!

சைட்.

நடுவில் நீல நிறத் தார்ப்பாய். பக்கத்தில் இன்ஸ்பெக்டர் பேராச்சி. தாராவியில் பிறந்து வளர்ந்தவள். காக்கி பம்பாயுடையது. பேச்சு மட்டும் அப்பாவின் திருநெல்வேலி.

"வாங்க பத்ரி ஸார். மொகத்தப் பாக்குதியளா?"

"வேண்டாம் மேடம். நேக்கு பிபி."

"நேத்து சாயந்தரம் எங்க இருந்திய?"

"மாட்டுங்கால கச்சேரி. ரெண்டாவது வரிசை. இந்த சைட்டுக்கு நான் வந்தே மாசக்கணக்கா ஆச்சு."

"சரி. கேட்டு பூட்டியிருக்கு. சாவி வாட்ச்மேன்கிட்ட ஒண்ணு, உங்ககிட்ட ஒண்ணு. அப்ப இது எப்படி உள்ள வந்திச்சு?"

"அலை அடிச்சிண்டு வந்திருக்கும்!"

சொன்ன பிறகுதான் உறைத்தது.

முழங்கால் வரை கம்பூட்ஸ் போட்ட ஒருவர் சட்டென்று திரும்பினார். சதுப்பு நிலக் கமிட்டி அதிகாரி வேங்கடசுப்ரமணியன். தாணேக்காரர். சிரித்துப் பார்த்தவர் யாரும் இல்லை.

"என்ன ஓய் சொல்றேள்? தண்ணி உள்ளே வரதா?"

"ஐயையோ! ஒரு சொட்டு வராது ஸார்!"

"அப்ப மர்டர்" என்றாள் பேராச்சி. "தண்ணி வரல்லேன்னா, யாரோ கேட்டு வழியா கொண்டாந்து போட்டிருக்கணும். கணேசபாண்டியன் நேத்து பூரா சாவியோட மச்சினன் கல்யாணத்துல நின்னான். மிச்சம் நீங்கதான்."



"தண்ணி... வரும் மேடம்!"

வேங்கடசுப்ரமணியன் பேனா மூடியைத் திறந்தார்.

"அப்போ இது சதுப்பு நிலம், வெட்லேண்ட். பர்மிஷன் கிடையாது."

"வராது ஸார்!"

"அப்ப கொலை."

"வரும்!"

"ஒரு முடிவுக்கு வாங்க ஸார்" என்றாள் பேராச்சி. "கமிட்டிக்கு ஒரு கடலு, போலீசுக்கு ஒரு கடலா?"

பத்ரி கண்ணை மூடினான்.

ஒரு பக்கம் கிழக்குப் பார்த்த ஃப்ளாட். இன்னொரு பக்கம் தூக்குக் கயிறு. வந்தனாவிடம் என்ன சொல்வது என்று நினைத்தபோது அவனுக்கு நிஜமாகவே அழுகை வந்தது. ஆனாலும் ஃப்ளாட் போனால் போகட்டும்... தலை தப்பியது தம்பிரான் புண்ணியம்!

"வரும் ஸார். ஹை டைட்ல தண்ணி கரையைத் தாண்டி உள்ளே வரும். இது ஆக்சிடென்ட்தான். பாவம், கால் வழுக்கி விழுந்திருப்பான்."

அதிகாரி எழுதவில்லை. பத்ரியை ஏற இறங்கப் பார்த்தார்.

"யாரோ சொன்னான்னு எல்லாம் நான் எழுத மாட்டேன். நீர் கண்ணால பார்த்தீரா?"

இருபது வருஷப் பழக்கம். மூளையைக் கேட்காமலே வாய் திறந்துகொண்டது.

"பர்சனலி வெரிஃபைடு ஸார்!"

"எப்போ?"

"நேத்திக்கு சாயங்காலம்! இதே கரை மேலதான் நின்னேன். அதோ அந்த உடைஞ்ச தூண் முங்கற அளவுக்குத் தண்ணி! என் ஷூ பூரா சகதி ஸார்!"



தூரத்தில் ஒரு கொக்கு பறந்தது. கணேசபாண்டியன் தொண்டையைச் செருமினான்.

பேராச்சிதான் கேட்டாள்.

"கச்சேரியில ரெண்டாவது வரிசை வரைக்கும் சகதியா ஸார்?"

பத்ரி குனிந்து தன் ஷூவைப் பார்த்தான். தன் தொழிலில் முதல் தடவையாக ஒரு சைட்டை நேரில் பார்த்திருக்கிறான்... முதல் தடவையாக உண்மையைச் சொல்லியிருக்கிறான்!

"தூணு முங்கினது வாஸ்தவம்தான்" என்றாள் பேராச்சி. "அது இன்னொருத்தனுக்கும் தெரியும்."

குனிந்து தார்ப்பாயை உருவினாள்.

அடியில்... சிமென்ட் மூட்டைகள்!

"ந... நகுல்?"

"ஆஸ்பத்திரியில இருக்கான். கால்ல கட்டு. மத்தபடி நல்லாத்தான் பேசுதான். பின்னாலேருந்து தள்ளினவன் மொகத்த மட்டும் அவன் பாக்கல்ல. அதான் உங்ககிட்டயே கேட்டுக்கிடலாம்னு, கணேசபாண்டியன விட்டு போன் போடச் சொன்னேன்."

"எப்படி... எப்படிப் பிழைச்சான்?"

"நீங்க வராதுன்னு எழுதின தண்ணி இருக்குல்லா... அதுதான் அவனக் கரை தாண்டித் தூக்கிட்டு வந்து சகதியில போட்டிருக்கு. காலையில வாட்ச்மேன் பாத்தப்ப மொனங்கிக்கிட்டு கெடந்திருக்கான்."

கைவிலங்கை எடுத்தாள்.

"உங்க ஃபைல் நெசமா இருந்திருந்தா, அந்தப் பய செத்திருப்பான் ஸார்."

வேங்கடசுப்ரமணியன் இரண்டே வார்த்தை எழுதினார். 'வெட்லேண்ட். நிராகரிக்கப்பட்டது.' பேனாவை மூடினார். கம்பூட்ஸ் சகதியில் சளக் சளக்கென்று சத்தமிட, திரும்பிப் பார்க்காமல் நடந்தார்.

ஜீப்பில் ஏறும்போது பத்ரி முனகினான்.

"கிழக்குப் பார்த்த ஃப்ளாட் மேடம்... திரைச்சீலை கூட..."

"கவலப்படாதிய ஸார்" என்றாள் பேராச்சி, கதவைச் சாத்தியபடி. "எங்க லாக்கப்பும் கெழக்கு பாத்ததுதான். இந்த பம்பாயில, போன அன்னைக்கே பொசெஷன் குடுக்குற எடம் அது ஒண்ணுதான்!"