அம்ருதாவுக்குப் பதினெட்டு எண்கள்

அம்ருதா காற்றில் கணக்குப் போடுவாள்.

நிஜமாகத்தான். எண்களை வாசிக்க வாசிக்க அவள் கண்களை மூடிக்கொள்வாள். வலது கை மேசைக்கு ஒரு சாண் உயரத்தில் நிற்கும். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் அங்கே இல்லாத மணிகளை மேலும் கீழும் தள்ளும். கடைசி எண்ணைச் சொல்லி முடித்து மூச்சு விடுவதற்குள் விடை வந்துவிடும்.

"எப்படிடீ?" என்று வைஷு நூறு தடவையாவது கேட்டிருப்பாள்.

"மனசுக்குள்ள ஒரு மணிச்சட்டம் இருக்கு. அதைத்தான் தள்ளறேன்" என்பாள் அம்ருதா, ஏதோ எல்லார் மனசிலும் ஒன்று இருப்பதுபோல.

இருவரும் புனேயில், தாபோடியில், ஒரே குடியிருப்பில் வசிப்பவர்கள். வைஷு வீடு கீழ்த்தளம், அம்ருதா வீடு மாடி. ஒரே பள்ளி, ஒரே ஆறாம் வகுப்பு. பள்ளியின் கணக்குக் கழகத்தில் அம்ருதா சேர்ந்தாள் என்பதற்காக வைஷுவும் சேர்ந்தாள். கணக்கு அவளுக்கு அவ்வளவாக வராது. ஆனால் வெண்கலக் குரல். அதனால் எண்களை வாசிக்கும் வேலையைக் கழகத்தை நடத்தும் ரஃபீக் சார் அவளிடம் கொடுத்துவிட்டார்.

வைஷுவின் உயிர் வேறொன்றில் இருந்தது. லெஜிம்.

கட்டைப் பிடியில் சங்கிலி, சங்கிலி நிறைய சின்னச் சின்னத் தகரத் தட்டுகள். அதைக் கையில் பிடித்துக் குனிந்து நிமிர்ந்து ஆட்டினால் 'ஜல் ஜல்' என்று ஊரே அதிரும். மாநிலப் போட்டியில் யாராவது முதல் பரிசு வாங்கினால், பெரிய டோல் மேளமும் லெஜிம் ஆட்டமுமாக வாசலில் வரவேற்பது அந்தப் பள்ளியின் வழக்கம். மூன்றாம் வகுப்பில் படித்தபோது வைஷு அதை ஒருமுறை வாய் பிளந்து பார்த்தாள். அன்றே முடிவு செய்துவிட்டாள், ஒருநாள் அந்தக் குழுவின் முன்னால் விசில் ஊதப்போவது தான்தான் என்று.

இந்த வருடம் அவள்தான் லெஜிம் குழுத் தலைவி. ஆனால் வரவேற்க ஆள் வேண்டுமே! மூன்று வருடமாக யாரும் மாநிலப் பரிசு வாங்கவில்லை.

போன சனிக்கிழமை, நாக்பூரில் நடந்த மாநில மனக்கணக்குப் போட்டியில் அம்ருதா முதல் பரிசு வாங்கினாள்.

செய்தி வந்ததும் வைஷு போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டுக் குக்கர் விசில்கூட யாருக்கும் கேட்கவில்லை. செவ்வாய்க்கிழமை பாராட்டு விழா என்று தலைமை ஆசிரியை பட்வர்தன் மேடம் அறிவித்தார்.

திங்கட்கிழமை மாலை, பயிற்சி முடிந்த கையோடு, லெஜிமைத் தோளில் மாட்டிக்கொண்டு வைஷு மாடிக்கு ஓடினாள்.

கதவைத் திறந்த அம்ருதாவின் அம்மா லலிதா ஆன்ட்டியின் முகம் சரியாக இல்லை. "வாம்மா. காலையில நாக்பூர்லேர்ந்து வந்து இறங்கினதுலேர்ந்து வயித்துவலிங்கறா. நாளைக்கு ஸ்கூலுக்கு வரலையாம்."

வைஷுவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. "நாளைக்கா? நாளைக்கு அவளுக்குத்தானே விழா?"

அம்ருதா கட்டிலில் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். வைஷு பக்கத்தில் போய் உட்கார்ந்ததும் தோளிலிருந்த லெஜிம் 'ஜல்' என்றது. அம்ருதாவின் இரண்டு கைகளும் சட்டென்று காதுகளுக்குப் போயின.

வைஷு லெஜிமை மெதுவாகக் கழற்றி வராந்தாவில் வைத்துவிட்டு வந்தாள்.

"வயித்துவலி இல்லைதானே?"

அம்ருதா காதுகளிலிருந்து கைகளை எடுத்தாள். "டோல் சத்தம் எனக்கு ஆகாதுடீ. அது கேட்டா உள்ள இருக்கற மணி எல்லாம் கலைஞ்சு போயிடும். மூச்சு முட்டும். அழுகை வந்துடும். கணபதியைக் கரைக்கற விசர்ஜன் அன்னிக்கு நான் எங்க இருப்பேன் தெரியுமா? பாத்ரூம்ல. குழாயைத் திறந்து விட்டுட்டு உக்காந்திருப்பேன்."

"நீ படிச்சுட்டிருக்கேன்னுல்ல நான் நினைச்சேன்!"

"அப்படித்தான் எல்லார்கிட்டயும் சொல்லுவேன்."

"என்கிட்டயாவது உண்மையைச் சொல்லியிருக்கலாமில்ல?"

"மூணு வருஷமா நீ லெஜிம் லெஜிம்னு காத்துட்டிருக்கே. வேண்டாம்னு எப்படிடீ சொல்றது?"

வைஷுவுக்குக் கோபம் வந்தது. யார்மேல் என்றுதான் தெரியவில்லை. "பத்து நிமிஷம்தானே, அம்ரு? காதுல பஞ்சு வச்சுக்கோ" என்றாள்.

"சரி" என்றாள் அம்ருதா.

அந்தச் 'சரி' வைஷுவின் கூடவே படியிறங்கி வந்தது. ஊசி போடப் போகிற குழந்தை சொல்கிற 'சரி' அது. சாப்பிட உட்கார்ந்தபோதும் போகவில்லை. "என்னடி, தோசை ஆறிப் போகுது" என்று அம்மா இரண்டு தடவை சொல்லிவிட்டாள்.

வைஷு யோசித்துக்கொண்டிருந்தாள். கணக்குக் கழகத்தில் அம்ருதா கண்ணை மூடினால் அந்த அறை எப்படி ஆகிவிடும்! ஓயாமல் எதையாவது மென்றுகொண்டிருக்கும் தேஜஸ்கூட வாயை அசைக்க மாட்டான். மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்கும். அந்த நேரத்தில்தான் அம்ருதாவின் முகத்தில் ஒரு சிரிப்பு இருக்கும், அவளுக்கே தெரியாமல்.

'விழா யாருக்கு? அவளுக்கா, என் லெஜிமுக்கா?'

தோசையை அப்படியே சுருட்டி வாயில் போட்டுக்கொண்டாள் வைஷு. அவளுக்கு வழி தெரிந்துவிட்டது. வழி தெரிந்ததில் சந்தோஷம்தான். ஆனால் நாளைக்கு அவள் விசில் ஊத முடியாது.

மறுநாள் காலை மேடம் அறைக்கதவைத் திறக்கும்போதே வைஷு அங்கே நின்றுகொண்டிருந்தாள். விஷயம் முழுவதையும் மராத்தியில் மூச்சு விடாமல் சொல்லி முடித்தாள்.

மேடம் கண்ணாடியைக் கழற்றினார். "டோல் இல்லாம, லெஜிம் இல்லாம விழாவா?"

"ஆமா மேடம். மொத்தம் பதினெட்டு வகுப்பு. ஒவ்வொரு வகுப்பும் ஒரு மூன்றிலக்க எண்ணை அட்டையில எழுதணும். எங்க குழுவுல என்னைத் தவிர பதினெட்டு பேர். ஆளுக்கு ஒரு அட்டையைப் பிடிச்சு நிப்பாங்க. நான் கை காட்டக் காட்ட ஒவ்வொண்ணா திருப்புவாங்க. அம்ருதா கூட்டுவா. எல்லாரும் பார்க்கட்டும். அவ கணக்குப் போடறதைக் கழகத்துக்கு வெளியில யாருமே பார்த்ததில்லை, மேடம்."

"எண்ணூறு பிள்ளைங்க சத்தம் போடாம இருப்பாங்களா?"

"நான் இருக்க வைக்கிறேன்."

"நீயா?" என்று கேட்டுவிட்டு மேடம் சிரித்தார். பள்ளியிலேயே அதிகம் சத்தம் போடுகிறவள் யார் என்று அவருக்குத் தெரியாதா என்ன? ஆனாலும் சம்மதித்தார்.

அடுத்து லெஜிம் குழு. டோல் அடிக்கும் தேஜஸ் குதித்தான். "பாப்ரே! டோல் இல்லாம பாராட்டா? நான் புதுக் குச்சி வாங்கியிருக்கேன்!"

"எனக்கு மட்டும் ஆசை இல்லையா?" என்றாள் வைஷு. குரல் கொஞ்சம் உடைந்துதான் போனது. தேஜஸ் அவளை ஒரு பார்வை பார்த்தான். பிறகு குச்சிகளைப் பைக்குள் போட்டுவிட்டு, "எந்த வகுப்பு அட்டை எனக்கு?" என்றான்.

வகுப்பு வகுப்பாக ஓடினார்கள். ஒன்பதாம் வகுப்பு அண்ணன்கள் 'கஷ்டப்படட்டும்' என்று 997 எழுதினார்கள். ஒன்றாம் வகுப்புக் குட்டிகள் 100 என்று எழுதினார்கள். அதைவிடப் பெரிய எண் உலகத்திலேயே இல்லை என்பது அவர்கள் கட்சி.

அம்ருதா அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள். இரண்டு காதிலும் பஞ்சு. வைஷு ஓடிப்போய் தமிழில் கிசுகிசுத்தாள். அந்தப் பள்ளியில் வேறு யாருக்கும் புரியாத ரகசிய மொழி அல்லவா அது!

அம்ருதாவுக்குக் கேட்கவில்லை. ஒரு காதிலிருந்து பஞ்சை எடுத்தாள். "என்ன?"

"டோல் கிடையாது. லெஜிம் கிடையாது. கணக்குதான். பதினெட்டு எண்."

அம்ருதா அவளையே பார்த்தாள். பிறகு மற்றக் காதிலிருந்தும் பஞ்சை எடுத்து அம்மாவிடம் கொடுத்தாள்.

மைதானத்தில் எண்ணூறு பிள்ளைகள் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுக்கு முன்னால், மேடையில் நின்ற அம்ருதாவைப் பார்த்தபடி, பதினெட்டு பேர் அட்டைகளோடு நின்றார்கள். ரஃபீக் சார் கால்குலேட்டரோடு ஓரமாக நின்றார். வைஷு உதட்டில் விரலை வைத்தாள்.

அமைதி வந்தது. முதலில் பெரிய வகுப்புகளில், பிறகு சின்ன வகுப்புகளில், கடைசியாக ஒன்றாம் வகுப்பில். கொடிக்கயிறு கம்பத்தில் தட்டும் ஓசை கேட்டது. தூரத்தில் தாபோடி ஸ்டேஷனை விட்டு லோக்கல் ரயில் கிளம்பிப் போவது கேட்டது. அந்த மைதானம் இவ்வளவு பெரியது என்பதே அப்போதுதான் வைஷுவுக்குத் தெரிந்தது.

அவள் கையை உயர்த்தினாள். முதல் அட்டை திரும்பியது. 471.

அம்ருதாவின் விரல்கள் அசைந்தன.

906. 138. 100. ஒவ்வொரு அட்டையும் இரண்டே நொடி. அம்ருதா எண்ணைப் பார்ப்பாள், இமை தாழும், விரல் தள்ளும், அடுத்த எண்ணுக்குக் கண் உயரும். காற்றில் ஒன்றுமே இல்லை. ஆனால் எண்ணூறு பேரும் அங்கே எதையோ பார்த்தார்கள். பின்வரிசையில் சிலர் முழங்காலில் எழுந்து நின்றார்கள். ஒரு குட்டிப் பையன் தன் வாயைத் தானே பொத்திக்கொண்டான். எத்தனையோ தடவை பார்த்த வைஷுவுக்கே உடம்பு சிலிர்த்தது.

பதினெட்டாவது அட்டை திரும்பியது. அம்ருதாவின் கை நின்றது.

"ஒன்பதாயிரத்து நானூற்று இருபத்தெட்டு" என்றாள்.

ரஃபீக் சார் கால்குலேட்டரைப் பார்த்தார். புருவம் சுருங்கியது. மறுபடி பார்த்தார்.

"இதுல ஒன்பதாயிரத்து நாற்பத்திரண்டுன்னு வருதே" என்றார் மெதுவாக.

மைதானம் முழுக்க 'உஸ்' என்று ஒரு மூச்சு போனது. வைஷு நெற்றியில் அடித்துக்கொண்டாள். ஐயோ! பேசாமல் டோல் அடித்திருந்தால் பத்து நிமிடம் அழுதிருப்பாள், அவ்வளவுதான். இப்போது எண்ணூறு பேர் முன்னால் தப்பு என்று ஆகிவிட்டதே! எல்லாம் என்னால்தான்!

அம்ருதாவின் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. கண்ணை மூடினாள். விரல் இரண்டு தடவை அசைந்தது.

"சார், முன்னூற்று எண்பத்தாறு குறையுது. அது ஐந்தாம் வகுப்பு 'பி' பிரிவோட நம்பர். அதை நீங்க அழுத்தலை."

பதினொன்றாவதாக நின்ற பெண் தன் அட்டையை எட்டிப் பார்த்தாள். 5பி, 386. அதை மெதுவாகத் தலைக்கு மேலே தூக்கிக் காட்டினாள்.

ரஃபீக் சார் பதினெட்டு எண்களையும் முதலிலிருந்து அழுத்தினார். ஒன்பதாயிரத்து நானூற்று இருபத்தெட்டு.

"உன் விரலையே பார்த்துட்டிருந்தேன்மா. அழுத்த மறந்துட்டேன்" என்றார். கால்குலேட்டரைச் சட்டைப்பையில் போட்டுவிட்டு அவளுக்கு ஒரு சல்யூட் அடித்தார்.

கைதட்டக் கூடாது என்று வைஷு எல்லாரிடமும் சொல்லி வைத்திருந்தாள். அதனால் என்ன செய்வது என்று யாருக்கும் தெரியவில்லை. முதலில் வாயைப் பொத்திக்கொண்டிருந்த அந்தக் குட்டிப் பையன் எழுந்து நின்றான். பிறகு அந்த வரிசை. பிறகு எண்ணூறு பேரும் எழுந்து நின்றார்கள், ஒரு சத்தமும் இல்லாமல். மேடம் சால்வை போர்த்தியபோது அவர் கண்ணாடியில் ஈரம் இருந்தது. அம்ருதா சிரித்தாள். இந்தத் தடவை அவளுக்குத் தெரிந்தே சிரித்தாள்.

மேடையை விட்டு இறங்கியதும் அவள் நேராக வைஷுவிடம் வந்தாள்.

"மூணாவது மாடியில லைப்ரரி இருக்குல்ல? அங்க கண்ணாடி ஜன்னல் எல்லாத்தையும் சாத்திட்டா சத்தம் கொஞ்சம்தான் வரும். மேடம்கிட்ட கேட்டுட்டேன். நான் மேல போறேன். நீ ஆடு."

"வேண்டாம்டீ, உனக்கு..."

"லெஜிம் எப்படி இருக்கும்னு நான் பார்த்ததே இல்லை. எப்பவும் கண்ணையும் காதையும் மூடிக்குவேனே! போ, ஆடு."

ஐந்து நிமிடத்தில் மூன்றாவது மாடி ஜன்னலில் அம்ருதாவின் முகம் தெரிந்தது. கையை ஆட்டினாள். வைஷு விசிலை ஊதினாள். தேஜஸின் புதுக் குச்சிகள் டோலில் இறங்கின. பதினெட்டு லெஜிம்களும் ஒரே வீச்சில் 'ஜல்' என்றன. குனிந்து, நிமிர்ந்து, திரும்பி, மறுபடி குனிந்து. மூன்று வருட ஆசை முழுவதையும் வைஷு அன்று ஆடித் தீர்த்தாள்.

முடிந்ததும் அம்ருதா மூச்சிரைக்கப் படியிறங்கி வந்தாள். கண்கள் பளபளத்தன.

"வைஷு! எப்படிடீ அத்தனை பேரும் ஒரே மாதிரி குனியறீங்க? ஒரு சாண்கூட முன்னே பின்னே இல்லையே! மொத்தம் நாற்பது தடவை குனிஞ்சீங்க. நீ மட்டும் முப்பத்தொன்பது."

"அதையும் எண்ணிட்டியா?"

"இருபத்தாறாவது தடவை எல்லாரும் குனிஞ்சாங்க. நீ மட்டும் நிமிர்ந்து நின்னுட்டே. ஏன்?"

"நீ ஜன்னல்ல மூக்கை ஒட்டிக்கிட்டு, 'ஆ'ன்னு வாயைத் திறந்து எங்களைப் பார்த்துட்டிருந்தே" என்றாள் வைஷு. "அதைப் பார்த்ததுல குனியவே மறந்துட்டேன்டீ."