நாஜ்னீன் ஏற்கனவே வந்துவிட்டாள்

நண்பகல் லுஹர் தொழுதுவிட்டு முன்னறைக்கு வந்து, வேலைக்குள் நுழைய முகத்தைக் காட்டிய நாஜ்னீனை மடிக்கணினி ஏற்கவில்லை. தொழுகைக்காகத் தலையை மூடிய மக்கனாவைக் கழற்ற மறந்துவிட்டோமே என்று தலையில் தட்டிக்கொண்டாள். கழற்றிவிட்டுக் காட்டினாள். அப்போதும் 'பொருந்தவில்லை' என்றது.

நல்ல கூத்துதான். இணையக் கணக்குக்குள் திரும்ப நுழைகிறவர்களின் பழைய படத்தையும் புது வீடியோவையும் ஒப்பிட்டு, அதே ஆள்தானா என்று சொல்வதுதான் வெலிங்டன் வீட்டில் உட்கார்ந்தபடி அவள் பார்க்கும் வேலை. கணவன் சஃப்வான் ஊட்டிக் கடைக்குப் போயிருந்தான்; மூன்று வயது அஃப்ஷான் உள்ளறையில் தூங்கிக்கொண்டிருந்தாள். பட்டப்பகலிலேயே பனிமூட்டம் ஜன்னலை அடைத்து நிற்க, ஈரக் கம்பளியின் வாடையும் தகரக் கூரையில் சொட்டும் நீரின் சத்தமும் தவிர வீட்டில் வேறு அரவமில்லை.

மேற்பார்வை பார்க்கும் சுவாதியை ஃபோனில் பிடித்தாள்.

"ஏனுங்க, நீங்க பத்து நிமிசம் முன்னாடியே வந்துட்டீங்களே?" என்றாள் சுவாதி.

"நான் இப்பத்தானுங்க வர்றேன்."

"நான்தானே பாத்து ஓகே குடுத்தேன், இப்ப அந்த முகம்தான் பதிவுல இருக்கு. மக்கனா போட்டிருந்ததுல காது தெரியலைங்க. காது தெரியாம விடக்கூடாதுதான். தொழுதுட்டு வந்தவங்களைக் கழட்டச் சொன்னா நல்லாவா இருக்கும்னு விட்டுட்டேன். இருங்க, வீடியோ அனுப்பறேன்."

பத்து நிமிடம் முன்பு நாஜ்னீன் சமையலறையில் தொழுகை விரிப்பில் இருந்தாள்.

வீடியோ வந்தது. அவள் முகம்தான். புருவத் தழும்பு, மூக்கின் வளைவு, இமைக்கும் வேகம். ஆயிரம் முகங்களைப் பிரித்தறிந்த கண்ணுக்கு ஒரு வித்தியாசமும் சிக்கவில்லை. 'இடப்பக்கம் திரும்பவும்' என்றது இயந்திரக் குரல். முகம் திரும்பியது. சிரித்தது. அந்தப் பக்கம் கட்டில். நீலப் போர்வை. அஃப்ஷான்.

உள்ளறை.

ஓடினாள். கதவு உள்பக்கம் தாழிட்டிருந்தது. குழந்தைக்கு எட்டாத தாழ்ப்பாள்.

"அஃப்ஷான்! அம்மா வந்திருக்கேன் கண்ணு!"

உள்ளே குழந்தை விழித்து அழுதது. "அம்மா, வெளியில யாரோ கத்தறாங்க."

"ஒண்ணுமில்ல கண்ணு," என்றது நாஜ்னீனின் குரல். "அம்மா இங்கதானே இருக்கேன்."

தோளால் இடித்தாள். அசையவில்லை. மறுபடி இடித்தாள். பெற்றவள் தான்தான் என்று காட்ட அவளிடம் இருந்தது அந்தக் குரலும் அந்த முகமும்தான். இரண்டுமே கதவுக்கு அந்தப் பக்கம் இருந்தன.

சாவித்துவாரத்தில் கண்ணை வைத்தாள்.

அஃப்ஷான் அதன் கழுத்தை இறுகக் கட்டிக்கொண்டு, வெளியே நிற்பவளுக்குப் பயந்து, அதன் தோளில் முகம் புதைத்து நடுங்கிக்கொண்டிருந்தாள்.