சொல்லிக்காம வந்துருங்க

பக்கத்து இருக்கை நனைந்திருந்தது. பிரம்மநாயகம் ஜன்னலைப் பார்த்தார், பிறகு பஸ்ஸின் கூரையைப் பார்த்தார். ஜனவரி மாதம், மழை நின்று எவ்வளவோ நாளாகிறது. கடற்கரைக் கிராமத்தில் ஏறும்போது ஜன்னலோர இருக்கை உலர்ந்துதான் கிடந்தது, பால் கொண்டுபோன தூக்குவாளியை அதன்மேல்தான் வைத்திருந்தார். இப்போது வாளியின் அடியில் தண்ணீர் தேங்கி நின்றது. விரலால் தொட்டு நாக்கில் வைத்தார். உப்பு.

போன வருஷம் இதே குளிரில், தாராவியில் அவர் வேலை பார்க்கும் தோல்பைப் பட்டறையின் ஆட்கள் குடும்பத்தோடு ஒருநாள் பொழுதைக் கழிக்க இந்தக் கடலுக்கு வந்தார்கள். சவுக்குத் தோப்பில் கலையாத பனி, கம்புகளில் காயப்போட்ட கருவாட்டின் வாடை, கால் வைத்தால் சில்லென்று உள்ளே இழுக்கும் மணல். அவருடைய ஒன்பது வயது மகள் மாரிசெல்வி, அம்மாவின் ஐந்து மாத வயிற்றில் வாயை வைத்து, "தம்பி, ஒனக்குக் கடல நாந்தான் காட்டுவேன், கேட்டியா?" என்றாள். மத்தியானம் அவளைக் காணவில்லை. பொழுது சாயும் நேரத்தில் கடலே கொண்டுவந்து போட்டது.

இன்று வருஷம் திரும்பியிருந்தது. கைக்குழந்தையை விட்டு வர முடியாத அவர் மனைவி பேராச்சி, காலையில் தூக்குவாளியைக் கையில் கொடுக்கும்போதே சொன்னாள்.

"பால ஊத்திட்டு சொல்லிக்காம வந்துருங்க. திரும்பிப் பாக்காதிய."

செத்தவர்களிடம் விடைபெறக் கூடாது என்று அவருக்குத் தெரியாதா என்ன? ஆனால் தினமும் பட்டறைக்குக் கிளம்பும்போது ஒன்பது வருஷம் மகளிடம் சொல்லிப் பழகிய வாய். பாலை ஊற்றி, பூவைப் போட்டு, வேட்டியில் ஒட்டிய மணலைத் தட்டியபோது அது தானாகச் சொல்லிவிட்டது.

"போயிட்டு வாரேன்ட்டி, செல்வி."

கண்டக்டர் அந்தப் பக்கமாக வந்தவர், ஜன்னலை நோக்கித் தாடையை ஆட்டி, "பச்சி கா ஹாத் அந்தர் லோ, பாய்" என்றார். குழந்தையின் கையை உள்ளே எடுக்கச் சொல்லிவிட்டு அடுத்த வரிசைக்குப் போய்விட்டார்.

பிரம்மநாயகம் பன்வேல் வரும்வரை ஜன்னல் பக்கம் திரும்பவே இல்லை. ஈரம் மெல்ல ஊர்ந்து வந்து அவர் தொடையைத் தொட்டது. ஆனாலும் எழுந்து வேறு இடத்தில் உட்கார்ந்தால் பிள்ளை மனசு கஷ்டப்படுமே என்றும் இருந்தது.

லோக்கலில் வந்து குர்லாவில் இறங்கினார். சயானுக்கு வண்டி மாற வேண்டும். மாறாமல் பிளாட்பாரத்துப் பெஞ்சில் உட்கார்ந்தார். ஆபீஸ் விட்ட கூட்டம் நெரிந்தது, ஆனால் அவர் பக்கத்தில் உட்கார வந்தவர்கள் எல்லாம் தயங்கி விலகிப் போனார்கள். வீட்டில் எட்டு மாதக் குழந்தை சுரேந்திரன் இருக்கிறான். இவளை அங்கே கூட்டிக்கொண்டு போக முடியாது. 'போ' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். பெற்ற பிள்ளையை எந்த வாயால் விரட்டுவது? மூன்று தடவை வாயைத் திறந்தார். மூன்று தடவையும் அழுகைதான் வந்தது.

"போயிரு தாயி," என்றார் கடைசியில். "அப்பாவ மன்னிச்சிரு. போயிரு."

கொஞ்ச நேரம் கழித்துப் பெஞ்சைத் தடவிப் பார்த்தார். காய்ந்திருந்தது. போய்விட்டாள். நெஞ்சு லேசானது, அந்த லேசே தாங்க முடியாமல் வலித்தது.

பிறகுதான் தரையைப் பார்த்தார். சின்னச் சின்ன ஈரக் கால்தடங்கள். பெஞ்சிலிருந்து பிளாட்பாரத்தின் ஓரம்வரை போய் நின்றிருந்தன. சயான் வண்டி அப்போதுதான் கிளம்பிப் போயிருந்தது.

போ என்று சொன்னால் ஒன்பது வயதுப் பிள்ளை எங்கே போகும்? வீட்டுக்குத்தான் போகும்.

அடுத்த வண்டியில் தொங்கிக்கொண்டு போனார். சயானில் இறங்கி ஓடும்போது போன் அடித்தது. பேராச்சி.

"எப்ப வந்திய? வாசப்படி பூரா ஒரே மணலா கெடக்கு. எங்க நிக்கிய?"

"தம்பியத் தூக்கு! மொதல்ல அவனத் தூக்கு!"

"அவன் உள்ள தூங்குதான்லா…" அவள் நடப்பது கேட்டது. நின்றது. "என்னங்க, பாய் நனைஞ்சு கெடக்கு."

பிறகு அலறல்.

ஓடினார். சாலை. சாக்கடைப் பலகை. சந்து முனை. தையல் மெஷின்களின் சத்தம். அதற்குள்ளே, இந்தத் தெருவில் இருக்கவே முடியாத கருவாட்டு வாடை. குளிர்.

நின்றார்.

சந்தின் நடுவில், குழல் விளக்கின் வெளிச்சத்தில், இன்னும் தவழக்கூடப் பழகாத சுரேந்திரன் நடந்து வந்துகொண்டிருந்தான். பொக்கை வாயால் சிரித்தான். அக்கம்பக்கம் பார்க்கவில்லை, அப்பாவையும் பார்க்கவில்லை. ஒரு கை மட்டும் தலைக்கு மேலே தூக்கியிருந்தது, யாரோ பிடித்துக் கூட்டி வருவதுபோல. அந்தக் கையிலிருந்து முழங்கை வழியாகத் தண்ணீர் சொட்டிக்கொண்டே இருந்தது.