தரைக்கு அடியில் ஒரு நீல ஒயர்

செல்போன் அடித்தது.

எடுக்க வேண்டியவன் செத்துக்கொண்டிருந்தான்.

பாதி கட்டிய நீச்சல் குளத்தின் விளிம்பில் அவன் குப்புறக் கிடந்தான். கைக்கு எட்டாத தூரத்தில் போன் மண்ணில் கிடந்து துள்ளியது. திரையில் ஒரே பெயர்...

அக்கா!

"மாமா... வே... வேணாம்..."

"அசையாதடா! சீக்கிரம் முடிஞ்சிடும்!"

கழுத்தைச் சுற்றிய நீல நிற ஒயரை ரசமட்டம் பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தான்.

இருவரையும் இப்போதே அறிமுகம் செய்துவிடுவது நல்லது. ஒருவனுக்கு அவகாசம் குறைவு.

கீழே கிடப்பவன் எலக்ட்ரீஷியன். மேலே முட்டி போட்டு இழுப்பவன் நீச்சல் குளம் கட்டும் காண்ட்ராக்டர். கீழே கிடப்பவனின் அக்காள் புருஷன். சட்டைப் பையில் எப்போதும், தரை மட்டமாக இருக்கிறதா என்று பார்க்கும் ஒரு சின்ன ரசமட்டம் வைத்திருப்பான். சோற்றுத் தட்டு சாய்ந்திருந்தால்கூட அதை எடுத்து வைத்துப் பார்ப்பான் என்று வேலையாட்கள் கிண்டல் செய்வார்கள். பெயரும் அப்படியே ஒட்டிக்கொண்டது.

சண்டை சற்று முன்புதான் ஆரம்பித்தது.

"மாமா... நான் இன்னிக்கு போலீஸ் ஸ்டேஷனுக்குப் போறேன்."

"எதுக்கு? பர்ஸைத் தொலைச்சிட்டியா?"

"போன வருஷம் கிளப் குளத்துல நீச்சல் மாஸ்டர் ஷாக் அடிச்சு செத்தாரே... தண்ணிக்குள்ள இருக்கிற லைட்டுக்கு எர்த் குடுக்காம விட்டது நாமதான்னு சொல்லப் போறேன்."

"நாம இல்லடா. நீ!"

"நான்தான் விட்டேன். விடச் சொன்னது யாரு? திறப்பு விழா முடியட்டும், அப்புறம் பார்த்துக்கலாம்னு சொன்னது யாரு? கண்ணை மூடினா அந்த ஆள் மிதக்கிறாரு மாமா!"

"அப்போ கண்ணைத் திறந்துக்கிட்டே படு. ஜெயில்னா என்னன்னு தெரியுமாடா உனக்கு? வயசான காலத்துல என்னால கம்பி எண்ண முடியாது!"

"நான் போறேன் மாமா. அக்காகிட்டகூட..."

முடிக்கவில்லை. பின்னாலிருந்து ஒயர் கழுத்தில் விழுந்தது.

எலக்ட்ரீஷியன் லேசில் விடவில்லை. இடுப்பிலிருந்த டெஸ்டரை உருவி, பார்க்காமலே பின்னால் குத்தினான். அது ரசமட்டத்தின் தொடையில் பிடி வரைக்கும் இறங்கியது. ரத்தம் பீய்ச்சியது. ரசமட்டம் அலறினான். ஆனால் கையைத் தளர்த்தவில்லை. உள்ளே போய்விடுவோமோ என்ற பயம் வலியைவிடப் பெரிதாக இருந்தது.

கால்கள் உதைத்தன... உதைத்தன...

நின்றன.

போன் மட்டும் இன்னும் அடித்துக்கொண்டிருந்தது. ரசமட்டம் எட்டி, கட்டை விரலால் அதை அமுக்கினான்.

அமைதி!

இனி யோசிக்க வேண்டும். வேலையாட்கள் வரும் நேரம். கான்கிரீட் லாரி வேறு கிளம்பிவிட்டதாகத் தகவல் வந்தாயிற்று.

குளத்தின் சுவருக்காகக் கட்டிய இரும்புக் கம்பிகள் கீழே வரிசையாகத் தலையை நீட்டிக்கொண்டு நின்றன. ரசமட்டம் மச்சினனின் உடலைப் புரட்டி, கழுத்து சரியாக எங்கே வரும் என்று பார்த்து... தள்ளினான்.

சதக்!

இரண்டு கம்பிகள் தொண்டையைக் கிழித்துக்கொண்டு ஏறின. விளிம்பில் வழுக்கி விழுந்த ஒரு பாவப்பட்ட எலக்ட்ரீஷியன்! யார் பார்த்தாலும் அப்படித்தான் சொல்வார்கள்.

மிச்சம் இருந்தது அந்த ஒயர். நீலத்தின் மேல் ரத்தம், தோல், ஒன்றிரண்டு முடி.

அது குளத்தைச் சுத்தம் செய்யும் ரோபோவின் ஒயர். ரோபோ தண்ணீருக்கு அடியில் தானே ஊர்ந்து அழுக்கை எடுக்கும். ஆனால் அதற்குக் கரண்ட் போக வேண்டுமே? குளம் கட்டச் சொன்ன பங்களாக்காரம்மா கறாராகச் சொல்லிவிட்டாள். "அவ்வளவு அழகா தரை போட்டுட்டு, அது மேல நீலமா ஒரு ஒயர் நெளியறதா? என் கண்ணுல படவே கூடாது!"

அதற்காகத்தான் பம்ப் ரூமிலிருந்து குளத்துச் சுவர் வரை தரைக்கு அடியில் ஒரு பைப் போட்டிருந்தார்கள். ஒயரின் பிளக் அதில் நுழைகிறதா என்று பார்க்கத்தான் எலக்ட்ரீஷியன் காலையிலேயே ரோபோவிலிருந்து ஒயரைக் கழற்றி வைத்திருந்தான்.

ரசமட்டத்தின் முகத்தில் சிரிப்பு வந்தது.

ஒயரை மறைக்கத்தானே பைப்? மறைத்துவிட்டால் போயிற்று! இன்னும் கொஞ்ச நேரத்தில் அதன் மேல் ஒரு அடிக்குக் கான்கிரீட் விழப்போகிறது. பிரம்மனே வந்தாலும் எடுக்க முடியாது.

பைப்புக்குள் ஏற்கெனவே இந்த முனைக்கும் அந்த முனைக்குமாக ஒரு நைலான் கயிறு கிடந்தது. அதன் நுனியில் ஒயரைக் கட்டி, பம்ப் ரூமுக்குப் போய் மறுமுனையை இழுத்தான். ஒயர் சமர்த்தாக உள்ளே போய்ப் படுத்தது. கயிற்றை ஆணியில் சுற்றி, பைப்பின் வாயை டேப் போட்டு மூடினான். குளத்துப் பக்கத்து வாயையும் மூடினான். தொடையில் துணியைக் கட்டிக்கொண்டான்.

பிறகு தலையில் அடித்துக்கொண்டு கத்த ஆரம்பித்தான்.

"ஐயோ! ஓடி வாங்க! என் மச்சினன் விழுந்துட்டானே!"

* * *

இன்ஸ்பெக்டர் அம்மாள் குழிக்குள் இறங்கிப் பார்த்தாள். நிதானமானவள். அதிகம் பேசமாட்டாள். அவளுக்கும் சேர்த்து ஏட்டு பேசுவார்.

"கால்ல என்ன காயம்?" என்றாள் ரசமட்டத்திடம்.

"அவனைத் தூக்கலாம்னு பதறிப்போய் இறங்கினேன் மேடம். கம்பி குத்திடுச்சு."

"இந்தக் குளத்துல குளிக்கிறதுக்கு முன்னாடியே ஒருத்தரை முடிச்சு, இன்னொருத்தரை நொண்டியாக்கிட்டீங்களேய்யா," என்றார் ஏட்டு.

வாசலில் கான்கிரீட் லாரியின் டிரைவர் ஹாரன் அடித்தான். "என்ன சார், ஊத்தறதா வேணாமா? இறுகிடுச்சுன்னா லாரியைத்தான் உடைக்கணும்!"

ரசமட்டம் கை கூப்பினான். "மேடம்... பாடியை எடுத்தாச்சு. இந்தக் குழிப் பக்கமே வரமாட்டோம். அந்தப் பக்கத் தரையை மட்டும் போட்டுக்கலாமா?"

இன்ஸ்பெக்டர் அவனையே பார்த்தாள். மச்சினன் ரத்தம் காயவில்லை. தரை போட வேண்டுமாம்!

"போட்டுக்கோங்க," என்றாள்.

அவள் ஜீப் கிளம்பியபோது ஒரு ஆட்டோ வந்து நின்றது. ரசமட்டத்தின் மனைவி இறங்கினாள். அம்மா இல்லாத தம்பியை இடுப்பில் வைத்து வளர்த்தவள். அவனுக்கு இவள்தான் எல்லாம், இவளுக்கும் அப்படித்தான்.

அழுது புரளுவாள் என்று எதிர்பார்த்தான். அவள் அழவில்லை. ரத்தம் படிந்த கம்பிகளைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அது அவனுக்கு என்னவோ போல் இருந்தது.

"மனசைத் தேத்திக்கம்மா. விதி..."

"நீங்க வேலையைப் பாருங்க," என்றாள்.

கான்கிரீட் கொட்டியது. சாம்பல் நிறச் சேறு பைப்பை மூடியது. ரசமட்டம் நொண்டிக்கொண்டே பலகையால் தேய்த்தான். மட்டம் வைத்தான். மறுபடி தேய்த்தான். தப்பித்தாயிற்று! ஜெயில் இல்லை, கேஸ் இல்லை!

கடைசி மூலையைத் தேய்க்கும்போதுதான் ஞாபகம் வந்தது.

கயிறு!

பம்ப் ரூமில்... ஆணியில்... அழகாகச் சுற்றி வைத்த கயிறு!

ஒயர் கெட்டுப்போனால் தரையை உடைக்காமல் வெளியே இழுப்பதற்குத்தானே பைப் போடுவது? அதற்குத்தானே கயிறு? எத்தனை குளம் கட்டியிருப்பான்! கயிறு விடாமல் ஒரு பைப்பையும் மூடியதில்லை. பழக்கதோஷம்! கொலையை மறைக்கிறோம் என்பதை மறந்து, வேலையை ஒழுங்காக முடித்துத் தொலைத்திருக்கிறான்!

கையிலிருந்த பலகையைப் போட்டுவிட்டு ஓடினான்.

பம்ப் ரூம் கதவைத் தள்ளினான்.

உள்ளே அவள்.

கையில் கயிறு.

"வாங்க. கதவைச் சாத்துங்க."

அவன் சாத்தினான். தாழ்ப்பாளும் போட்டான். அவனுக்கும் அதுதான் வசதி.

"சாமான் எல்லாம் நான்தானே கணக்குப் பார்த்து எடுத்துத் தர்றேன். ரோபோ இருக்கு, அதோட ஒயரைக் காணோம். வெறும் கயிறுன்னா லேசா இருக்கும். இது ஏங்க இவ்வளவு கனமா இருக்கு?"

"அதை விடு. வீட்டுக்குப் போ."

"தம்பி உங்ககிட்ட எல்லாத்தையும் பேசிட்டு ஸ்டேஷனுக்குப் போறேன்னு என்கிட்ட சொல்லிட்டுத்தான் வந்தான். மனசு கேக்கல, போன் பண்ணேன். ரொம்ப நேரம் அடிச்சுது. அப்புறம் யாரோ கட் பண்ணாங்க. கம்பி ஏறிச் செத்தவன் எழுந்து வந்து கட் பண்ணானா?"

அவள் இழுத்தாள். டேப் பிய்ந்தது. நீல ஒயர் சரசரவென்று வெளியே வந்தது. நீலம்... நீலம்... சிவப்பு!

சிவப்பில் சுருட்டை முடி ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது. தம்பிக்குத்தான் சுருட்டை முடி.

"அதைக் குடுடீ!"

மூலையில் கிடந்த பெரிய ரெஞ்சைத் தூக்கிக்கொண்டு பாய்ந்தான். முதல் அடி அவள் தோளில் விழுந்தது. எலும்பு முறியும் சத்தம் கேட்டது. இரண்டாவது அடிக்கு ஓங்கினான்...

அவளது நல்ல கை பக்கத்து டப்பாவுக்குள் போய் வந்தது. தண்ணீரில் கலக்கும் குளோரின் பவுடர்! கை நிறைய... அவன் கண் நிறைய!

"ஆஆஆ! கண்ணு! கண்ணு எரியுதே!"

ரெஞ்ச் விழுந்தது. அவளே அதை எடுத்தாள். அவன் தொடைக் காயத்தின் மேல் ஒரு போடு போட்டாள். அவன் மடங்கி விழுந்தான். முதுகில் முட்டி ஏறியது. கழுத்தில் ஒயர் சுற்றியது. ஒரு முனையைக் கையிலும் மறு முனையைப் பல்லிலும் பிடித்துக்கொண்டு இழுத்தாள்!

"ம்ம்ம்மா... விடு..."

கதவு தடதடத்தது.

"போலீஸ்! கதவைத் திறங்க!"

இன்ஸ்பெக்டரின் குரல்! பிணத்தைப் பார்த்த டாக்டர் சொல்லி அனுப்பியிருந்தார். கம்பி கிழித்தது தொண்டையை. பின்கழுத்தில் ஒயர் போட்ட கோடு எப்படி வந்தது?

காலையிலிருந்து இந்தக் குரல் தன்னை நெருங்கிவிடக் கூடாதே என்றுதான் அவன் அத்தனை பாடும் பட்டான். இப்போது...

"மேடம்! உடைங்க! சீக்கிரம் உடைங்க!" என்று இருந்த மூச்சையெல்லாம் திரட்டிக் கத்தினான். "நான்தான் கொன்னேன்! நீச்சல் மாஸ்டர் செத்ததும் என்னாலதான்! எல்லாத்துக்கும் கையெழுத்துப் போடறேன்! என்னைப் பிடிச்சிட்டுப் போங்க!"

தாழ்ப்பாள் தெறித்தது. ஏட்டுவும் இன்ஸ்பெக்டரும் சேர்ந்து அவளைப் பிரிப்பதற்குள் படாதபாடு பட்டார்கள்.

"விடுங்கம்மா. இனிமே நாங்க பார்த்துக்கறோம்."

அவள் வாயிலிருந்த ஒயரைத் துப்பினாள். அப்போதுதான் அழுகை வந்தது. அத்தனை நேரம் அடக்கியதெல்லாம் சேர்ந்து வந்தது. "கொஞ்சம் லேட்டா வந்திருக்கக் கூடாதா மேடம்?"

ரசமட்டம் தவழ்ந்து வந்து, கண் தெரியாமல் ஏட்டுவின் காலைத் தேடிப் பிடித்தான். இரண்டு கைகளையும் அவனே நீட்டினான்.

"விலங்கை மாட்டுங்க சார்! நல்லா பூட்டுப் போட்ட ரூமா பார்த்து அடைச்சிடுங்க சார்! அவ மட்டும் உள்ள வரக்கூடாது!"

ஏட்டு விலங்கை மாட்டினார். தரையில் கிடந்த நீல ஒயரைப் பார்த்தார்.

"கவலைப்படாதய்யா! பூட்டு மட்டுமில்ல, ஒயரே இல்லாத ரூமாவே தர்றேன். ஃபேன்கூட கிடையாது!"