துணிப்பூக்களுக்குக் கீழே

மின்மினி அந்தச் சூரியகாந்தி விதையை மறுபடியும் தோண்டி எடுத்தாள். அன்றைக்கு அது இரண்டாவது தடவை.

"முளைச்சிருச்சா?" என்று கேட்டான் தம்பி வாண்டு.

"இல்லடா. லேசா உப்பின மாதிரி இருக்கு."

"பாவம்! நீ எழுப்பிக்கிட்டே இருந்தா அது எப்ப வளரும்?"

மின்மினி அவனை முறைத்துவிட்டு விதையைப் பெயிண்ட் டப்பா மண்ணுக்குள் மெல்ல வைத்து மூடினாள். அவள் நட்டது ஐந்து விதைகள். ஒன்று தண்ணீர் அதிகமாகி அழுகிப்போனது. மூன்று, தோண்டிப் பார்த்தபோது வேர் ஒடிந்து போயின. மிச்சம் இது ஒன்றுதான்.

இத்தனை அவசரமும் சித்திக்காகத்தான்.

சித்தி தையல்காரர். படியில் வழுக்கி விழுந்து கால் எலும்பு முறிந்து, ஒன்றரை மாதம் கட்டிலே கதியென்று கிடந்தார். இப்போது மாவுக்கட்டைப் பிரித்துவிட்டார்கள். "இனி தைரியமா நடங்க" என்றார் டாக்டர். ஆனால் சித்திக்கு எழுந்து நின்றாலே உடம்பு நடுங்கியது.

"சித்தி, பால்கனியில பூ பூத்தா நடந்து வந்து பார்ப்பீங்களா?" என்று கேட்டிருந்தாள் மின்மினி.

"பூத்தா வராம இருப்பேனா, கண்ணு? எப்பப் பூக்கும்?"

"மாசக் கடைசி ஞாயிற்றுக்கிழமை!" என்று யோசிக்காமல் சொல்லிவிட்டாள்.

கட்டிலிலிருந்து பால்கனிக்குப் பன்னிரண்டு அடி. அதையும் எண்ணி வைத்திருந்தாள். எண்ணாமல் விட்டது ஒன்றே ஒன்று. விதை பாக்கெட்டின் பின்பக்கத்தை இன்றுதான் படித்தாள். 'பூக்க அறுபது நாட்கள்' என்று போட்டிருந்தது. ஞாயிற்றுக்கிழமைக்கோ இன்னும் பத்து நாள்தான்.

"மாட்டிக்கிட்டியா!" என்றான் வாண்டு.

மின்மினி பால்கனிச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். குளிர்காலம் முடிந்து வந்த புது வெயில் இதமாக இருந்தது. கண் மெல்லச் சொருகியது. எங்கு பார்த்தாலும் பூக்கள். கம்பிகளுக்கு மேலே எட்டிப் பார்த்தன. ஒவ்வொன்றாக, ஓசையில்லாமல், சித்தியின் அறைப் பக்கம் முகத்தைத் திருப்பின.

கண் விழித்தபோது எதிரே சித்தியின் துண்டுத்துணிப் பை இருந்தது. மஞ்சள், சிவப்பு, ஊதா. கனவில் பார்த்த நிறம் எல்லாம் அதற்குள் சுருண்டு கிடந்தது.

சாயங்காலத்துக்குள் எட்டுத் துணிப்பூக்கள் தயார். நடுவில் பொத்தான், காம்புக்கு உடைந்த குடையின் கம்பி. அதில் ஒன்று வாண்டு செய்தது.

"இது என்னடா, முட்டைக்கோஸா?"

"ரோஜா!" என்றான் வாண்டு ரோஷமாக.

எட்டையும் டப்பா மண்ணில் ஊன்றினாள். அதன்பிறகு விதையைத் தோண்ட வழியில்லை. மண்ணைக் கிளறினால் பூக்கள் சாய்ந்துவிடும். கை துறுதுறுத்தது. ஆனாலும் கொஞ்சம் தண்ணீர் தெளிப்பதோடு நிறுத்திக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை பால்கனிக் கதவை அகலமாகத் திறந்து வைத்தாள்.

"அட! நிஜமாவே பூத்திருச்சா?" என்றார் சித்தி. சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

ஒன்று. இரண்டு. மின்மினி மனதுக்குள் எண்ணினாள். சித்தியின் நெற்றியில் வியர்வை. நான்கு. ஐந்து. உதட்டைக் கடித்துக்கொண்டு ஆறாவது அடி வைத்தார்.

மின்மினிக்குத் தாங்கவில்லை. இவ்வளவு கஷ்டப்பட்டு வருகிறவரை ஏமாற்றலாமா?

"சித்தி! அது நிஜப் பூ இல்ல. துணியில செஞ்சது. எனக்கு ஒண்ணும் முளைக்கல."

சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். சித்தி இனிமேல் திரும்பிப் போய்ப் படுத்துவிடுவார்.

ஏழாவது அடிச் சத்தம் கேட்டது.

"தெரியும்டி" என்றார் சித்தி, மூச்சு வாங்க. "அந்த மஞ்சள் தபால்கார அம்மாவோட சட்டை. ஊதா, பேக்கரிக்காரர் வீட்டுத் திரைச்சீலை. நான் வெட்டின துணி எனக்குத் தெரியாதா?"

"அப்புறம் ஏன் நடந்தீங்க?"

"நீ தையல் எப்படிப் போட்டிருக்கேன்னு கிட்ட வந்து பார்க்க வேணாமா? ஆமா, அது என்ன முட்டைக்கோஸ்?"

"ரோஜா!" என்று கத்தினான் வாண்டு.

பன்னிரண்டு. சித்தி பால்கனி நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார். ஒரு பூவில் தொங்கிய நூலைச் சரிசெய்யக் குனிந்தவர், மண்ணையே உற்றுப் பார்த்தார்.

"மின்மினி, இந்தப் பச்சைத் துணி என் பையில இல்லையே?"

துணிப்பூக்களின் நிழலில், மண்ணைத் தள்ளிக்கொண்டு ஒரு முளை நின்றது. இரண்டு தடித்த இலைகள். உச்சியில் விதைத்தோல், கழற்ற மறந்த தொப்பிபோல.

"வேர் எவ்வளவு வந்திருக்குன்னு பார்ப்போமா?" என்று வாண்டு விரலை நீட்டினான். மின்மினி அந்த விரலை மெதுவாகப் பிடித்து அவன் சட்டைப் பைக்குள் போட்டாள்.

மறுநாள் காலை கட்டிலிலிருந்தே சித்தி கேட்டார், "ஏய், தொப்பி கழண்டுச்சா?"

மின்மினி பால்கனியிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"சொல்ல மாட்டேன் சித்தி. பன்னிரண்டே அடிதான், வந்து பாருங்க!"